கேரம் மாஸ்டரின் வருகைப் பதிவேடு: வடசென்னைத் தொண்டர் ஒருவரைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

விளையாட்டுத் தொண்டர் ஒருவரின் உழைப்பை அளக்க நாம் வழக்கமாகக் கையில் எடுப்பது பதக்கக் கணக்கைத்தான். அவரிடம் பயின்றவர்களில் எத்தனை பேர் மாநில அளவில் ஆடினார்கள், எத்தனை பேர் தேசியப் போட்டிக்குப் போனார்கள், யாருக்கு வேலை கிடைத்தது என்று கேட்கிறோம். விடை பெரிதாக இருந்தால் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துகிறோம். சிறிதாக இருந்தால் நல்ல மனிதர் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். கொருக்குப்பேட்டைக்கும் தண்டையார்பேட்டைக்கும் இடைப்பட்ட ஒரு ஹவுசிங் போர்டு குடியிருப்பில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாகக் கட்டணம் வாங்காமல் கேரம் சொல்லிக்கொடுத்துவரும் ஒருவரின் பணி இந்த ஆய்வுக்குப் பொருளாகிறது. அவருடைய மாணவர்களில் உலகச் சாம்பியன் எவரும் இல்லை. தேசிய அளவை எட்டியவர்களும் சிலரே. அப்படியிருந்தும் அந்தக் குடியிருப்பில் ஒரு பிள்ளையின் படிப்பு, வேலை, காவல் நிலையத் தொல்லை, ஆதார் திருத்தம் என எது வந்தாலும் முதலில் அவர் வீட்டுக் கதவுதான் தட்டப்படுகிறது. அவருடைய பங்களிப்பு உண்மையில் எதில் அடங்கியிருக்கிறது, அவர் கை ஓய்ந்தால் அதில் எது மிஞ்சும் என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி.

அவருடைய பெயரையும் தெருவின் பெயரையும் மன்றத்தின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். ஐந்து வயதுப் பிள்ளை முதல் அவரைவிட மூத்தவர்கள் வரை எல்லோரும் அவரை ‘மாஸ்டர்’ என்றே அழைப்பதால் இங்கும் அவர் மாஸ்டர்தான்.

பின்னணி

வடசென்னையில் கேரம் வேரூன்றியதற்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. கால்பந்துக்கும் கபடிக்கும் மைதானம் வேண்டும். குத்துச்சண்டைக்குக் கூடமும் உடலை வளர்க்கும் சாப்பாடும் வேண்டும். கேரத்துக்குப் பத்துக்குப் பத்து அறை, பலகைக்கு மேல் தொங்கும் ஒரு பல்பு, ஒரு டப்பா போரிக் பவுடர், 74 சென்டிமீட்டர் சதுர ஆடுபரப்பு கொண்ட ஒரு போர்டு, ஒன்பது வெள்ளைக் காய், ஒன்பது கறுப்புக் காய், ‘ரெட்’ எனப்படும் ஒரு சிவப்புக் காய், காய்களை அடிக்க ஒரு ஸ்ட்ரைக்கர் ஆகியவை போதும். மழை பெய்தாலும் ஆட்டம் நிற்காது. முதல் ஷிஃப்ட் முடித்து வந்தவரும் பள்ளி விட்டு வந்தவனும் ஒரே பலகையின் எதிரெதிர்ப் பக்கங்களில் உட்காரலாம். அதனால்தான் படிப்பகங்களிலும், ரசிகர் மன்றக் கொட்டகைகளிலும், டீக்கடை ஓரங்களிலும், அடுக்குமாடிப் படிக்கட்டுகளின் அடியிலும் இந்த ஆட்டம் தலைமுறைகளாகத் தங்கிவிட்டது.

இந்தப் பரவலான அடித்தளத்தின் மேல்தான் பெரிய பெயர்கள் எழுந்தன. சர்வதேசக் கேரம் சம்மேளனம் 1988-இல் தோன்றியதே சென்னையில்தான். 1991-இலும் 1995-இலும் உலகப் பட்டம் வென்று, கேரத்துக்காக அர்ஜுனா விருதும் பெற்ற மரிய இருதயம் சென்னைக்காரர். வியாசர்பாடி இளவழகி 2008-இல் உலகப் பட்டத்தைக் கொண்டுவந்தார். 2024 நவம்பரில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் நடந்த ஆறாவது உலகக் கோப்பையில், வடசென்னையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகளான 17 வயது காசிமா, மகளிர் தனிநபர், இரட்டையர், குழு ஆகிய மூன்று பிரிவுகளிலும் தங்கம் வென்றார். தமிழ்நாடு அரசு அவருக்கு ஒரு கோடி ரூபாய் ஊக்கத்தொகை அளித்தது. வென்றவர்கள் பழகிய அறைகளை ஊர் அறியும். அதே காலத்தில், அதே பவுடர் வாடையோடு இயங்கிய, யாரும் வெல்லாத அறைகளைப் பற்றி எழுத்தில் எதுவும் இல்லை. மாஸ்டரின் அறை அவற்றுள் ஒன்று.

ஆளும் அறையும்

மாஸ்டருக்கு இப்போது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு தனியார் தொழிற்சாலையில் டூல் ரூம் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். அவரது தொண்டினைப் புரிந்துகொள்ள அவருடைய ஷிஃப்டைக் கவனிக்க வேண்டும். பணிக்காலத்தின் பெரும்பகுதியில், மற்றவர்கள் வேண்டாமென்று தள்ளிய காலை ஆறு மணி முதல் ஷிஃப்டை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். மாலை ஓவர்டைம் என்றால் கையெழுத்துப் போடவே மாட்டார். மாலை ஐந்து மணிக்கு அறையைத் திறந்தாக வேண்டும் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் இல்லை. அவர் இழந்த ஓவர்டைம் பணத்தை யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. கூட்டினால் போர்டும் காயும் வாங்கிய செலவைவிட அது பல மடங்கு இருக்கும். அந்த இழப்பை ஈடுகட்டியது அவருடைய மனைவியின் தையல் மெஷின். மாஸ்டருக்கு நடந்த பாராட்டுக் கூட்டங்களில் இந்த மெஷினைப் பற்றி ஒருவரும் பேசியதாகத் தெரியவில்லை. இந்தத் தொண்டில் பாதி அந்த அம்மாவின் பெயரில் எழுதப்பட வேண்டியது என்பது என் கணிப்பு.

அறை என்பது தரைத்தளத்தில், மாடிப்படியை ஒட்டிய பொது இடம். முதலில் அங்கே உடைந்த கட்டில்களும் தண்ணீர் டிரம்களும் கிடந்தன. குடியிருப்பவர்களின் சம்மதத்தோடு அதைக் காலிசெய்து, ஒரு கதவும் ஒரு மின்விளக்கும் போட்டு, இரண்டு போர்டுகளுடன் எண்பதுகளின் நடுவில் மன்றம் தொடங்கியது. இப்போது நான்கு போர்டுகள் இருக்கின்றன. போட்டித் தரத்தில் ஒரு போர்டு வாங்குவது கூலி வேலை செய்பவரின் பல நாள் வருமானத்தை விழுங்கும் காரியம் என்பதால், முதல் இரண்டு போர்டுகளையும் பழைய பொருள் கடையில் வாங்கி, வளைந்த பலகையை மாஸ்டரே நிமிர்த்தினார். கைத்தொழில் தெரிந்தவர் பயிற்சியாளராக இருப்பதில் உள்ள ஆதாயம் இது. கடலோர ஈரத்தில் போர்டு மந்தமாகும். ஸ்ட்ரைக்கர் எதிர்ச்சுவரைத் தொட்டுத் திரும்பும்போதே சோர்ந்துவிடும். முழு வேகத்தில் அடித்த ஸ்ட்ரைக்கர் மூன்றரை முறையாவது போய்வர வேண்டும் என்பது தரமான பலகைக்கு உள்ள அளவுகோல். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அந்த வேகத்தைக் காப்பாற்ற, ஆட்டத்துக்கு அரை மணி நேரம் முன்பே விளக்கைத் தாழ இறக்கிப் போர்டைச் சூடேற்றிவைப்பது இன்றும் அங்கே வழக்கம்.

புதிதாக வரும் பிள்ளைக்கு முதல் வாரம் ஸ்ட்ரைக்கர் கிடைக்காது. காய்களைத் துணியால் துடைப்பதும், பவுடரை மெல்லிதாகப் பரப்புவதும், மற்றவர் ஆட்டத்துக்கு ஸ்கோர் எழுதுவதும்தான் வேலை. தோற்றவர் அடுத்த ஆட்டத்துக்கு அம்பயராக உட்கார வேண்டும் என்பது அறையின் மாறாத விதி. ஸ்ட்ரைக்கர் இரண்டு பேஸ் கோடுகளையும் தொட்டு நிற்கிறதா, அடிக்கும் கையின் முழங்கை மூலைவிட்டக் கோட்டின் நீட்சியைத் தாண்டிப் போகிறதா, ரெட் விழுந்த பின் அதை உறுதிசெய்யும் அடுத்த காயான ஃபாலோ முறையாக விழுந்ததா என்பதையெல்லாம் தோற்ற ஆத்திரம் ஆறாத நிலையிலேயே அவன் கவனித்துச் சொல்லியாக வேண்டும். விதிகளைக் கற்பிக்க இதைவிடச் சுருக்கமான வழி இல்லை. அதோடு இன்னொரு விளைவும் ஏற்பட்டது. தோல்விக்குப் பிறகு வீட்டுக்கு ஓடிவிடாமல் ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்கும் பழக்கம் பிள்ளைகளுக்கு வந்தது. ஒரு முதல் சுற்றைக்கூடக் கடக்காத மாணவர் ஒருவர், இப்படி உட்கார்ந்து உட்கார்ந்தே விதிப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்து, சம்மேளனத்தின் அம்பயர் தேர்வில் தேறி, இன்று மாநிலப் போட்டிகளில் நடுவராக இருக்கிறார். பதக்கக் கணக்கில் இவருக்கு இடமில்லை.

பொதுத்தேர்வு நெருங்கும்போது, பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் படிப்பவர்களுக்குப் போர்டு மறுக்கப்படும், அறை மறுக்கப்படாது. ஒற்றை அறை வீட்டில் தொலைக்காட்சியும் தம்பி தங்கைகளும் இருக்கும்போது படிப்பதற்கு வெளிச்சமான ஒரு மூலை கிடைப்பது அரிது. ஆகவே அந்த மாதங்களில் இரண்டு போர்டுகள் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டு, அந்த இடத்தில் பாய் விரிக்கப்படுகிறது. முன்னாள் மாணவர்களில் பட்டம் முடித்த இருவர் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். தெருவில் ஒரு சாவு விழுந்தால் பிணம் எடுக்கும் வரை அறை பூட்டியிருக்கும். பையன்கள் நாற்காலி போடவும் தண்ணீர் கொண்டுவரவும் போவார்கள். யாரும் எழுதிவைக்காத இந்த விதியை அங்கே யாரும் மீறியதில்லை.

பந்தயம்

கேரத்துக்கு வடசென்னையில் இன்னொரு முகமும் உண்டு. திருவிழாக் காலங்களிலும் தலைவர்களின் பிறந்தநாள்களிலும் தெருவில் பந்தல் போட்டு விடிய விடிய நடக்கும் ஓப்பன் போட்டிகளில் ரொக்கப் பரிசு தருவார்கள். அது ஒளிவுமறைவில்லாத விஷயம். ஆனால் அதே பந்தலின் ஓரத்தில், நன்றாக ஆடும் ஒரு பதினாறு வயதுப் பையனின் மேல் பெரியவர்கள் பணம் கட்டுவதும் நடக்கும். அவன் வென்றால் அவனுக்கு ஒரு பங்கு உண்டு. தோற்றால் பணம் கட்டியவர் அவனிடம் எப்படி நடந்துகொள்வார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பந்தயக்காரருக்கு வேண்டியது பையனின் விரல். படிப்பு அதற்கு இடைஞ்சல்.

மாஸ்டர் தொடக்கத்திலேயே இதற்குக் கதவை அடைத்தார். பந்தய ஆட்டம் ஆடியது தெரிந்தால் அந்த மாதம் முழுவதும் அறைக்குள் வரக்கூடாது என்றார். நோக்கத்தில் பிழையில்லை. ஆனால் இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் அந்த விதிதான் அவருடைய மிகச் சிறந்த ஆட்டக்காரரை அவரிடமிருந்து பிரித்தது. தந்தையை இழந்த அந்தப் பையனுக்குப் பந்தயப் பங்கு வீட்டு வாடகையாக இருந்தது. ஒரு மாதம் வெளியே நின்றவன் திரும்பி வரவேயில்லை. இந்த நிகழ்வைப் பற்றி மாஸ்டரும் பழைய மாணவர்களும் இன்றும் ஒத்த கருத்தில் இல்லை. விதி சரி, அதை நடத்திய விதம் தவறு என்பது மாணவர்களின் வாதம். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. வாடகைக்கு வழி செய்யாமல் பந்தயத்தை மட்டும் தடுப்பது, பசித்தவனிடமிருந்து இலையை எடுப்பதற்குச் சமம்.

பின்னர் மாஸ்டரும் ஓரளவு இறங்கிவந்தார். அமைப்பாளர்கள் முன்கூட்டியே அறிவித்த பரிசுத்தொகை உள்ள ஓப்பன் போட்டிகளில் ஆடலாம். பந்தயம் மட்டும் கூடாது. வென்ற பணத்தை அன்றே வீட்டில் தாயிடம் கொடுக்க வேண்டும் என்று விதி திருத்தப்பட்டது. வறுமையில் இருக்கும் வீடுகளுக்கு முன்னாள் மாணவர்கள் மாதாமாதம் அரிசி வாங்கித் தருவதும் அப்போதிலிருந்துதான் தொடங்கியது. ஒருவன் போன பிறகே இந்த ஏற்பாடு வந்தது என்பதையும் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

பதிவேடு

இந்த ஆய்வின் மையம் ஓர் எளிய பொருள்: நீளவாக்கில் கோடு போட்ட கணக்கு நோட்டு. அறைக்கு வரும் ஒவ்வொருவரும் வந்த நேரத்தையும் போகும் நேரத்தையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். தொழிற்சாலையில் அட்டை குத்திப் பழகிய மனிதர் அந்தப் பழக்கத்தை அறைக்கும் கொண்டுவந்தார், அவ்வளவுதான். நோட்டு தீர்ந்ததும் அடுத்தது தொடங்கும். பழையவை அவர் வீட்டுப் பரணில் டிரங்குப் பெட்டிக்குள் இருக்கின்றன. கேரம் மன்றத்தில் வருகைப் பதிவேடு எதற்கு என்று தொடக்கத்தில் கேலி செய்தவர்கள் பலர். காலப்போக்கில் அது எதிர்பாராத வேலைகளையெல்லாம் செய்தது.

முதலாவது காவல் நிலையம். தெருவில் அடிதடி நடந்த இரவில் அந்தப் பகுதிப் பையன்களை மொத்தமாக அள்ளிக்கொண்டு போவது வடசென்னைப் பெற்றோருக்குப் பழகிப்போன அச்சம். அப்படிப்பட்ட இரவுகளில் மாஸ்டர் நோட்டை எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போவார். குறிப்பிட்ட நேரத்தில் பையன் அறையில் இருந்ததற்கு அவனது கையெழுத்தும், உடனிருந்தவர்களின் கையெழுத்தும் இருக்கும். எல்லா நேரமும் அது எடுபட்டதில்லை. எடுபட்ட இரவுகள் சில இருக்கின்றன. ஒரு பையன் மேல் வழக்குப் பதிவாகாமல் போவது அவனுடைய எதிர்காலத்துக்கு எவ்வளவு பெரிய காரியம் என்பது அரசு வேலைக்கான காவல்துறை நற்சான்று கேட்கப்படும்போதுதான் தெரியும். சென்னைக் காவல்துறையே இந்தப் பகுதிகளில் சிறார் மன்றங்களை நடத்துகிறது என்பதால், நோட்டின் பொருள் சில அதிகாரிகளுக்கு உடனே புரிந்தது.

இரண்டாவது, சான்றிதழ். தெருப் போட்டியில் வாங்கிய கோப்பை எவ்வளவு உயரமாக இருந்தாலும் விண்ணப்பத்தோடு இணைக்க உதவாது. மாவட்டச் சங்கம், மாநிலச் சங்கம், அகில இந்தியக் கேரம் சம்மேளனம் என்ற வரிசையில் நடக்கும் போட்டிகளில் ஆடியிருந்தால்தான் உரிய படிவத்தில் சான்று கிடைக்கும். மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டுப் பணிகளுக்கான ஆட்டங்களின் பட்டியலில் கேரமும் இருக்கிறது. அங்கே தேசிய அளவிலான போட்டிக்கு உரியது படிவம் 2. பள்ளி அளவிலான தேசியப் போட்டிக்கு உரியது படிவம் 4. ஒலிம்பிக்கிலோ ஆசிய விளையாட்டிலோ இல்லாத ஓர் ஆட்டத்தை நம்பி வருபவர்களுக்கு இந்தப் படிவங்களே நடைமுறையில் கிடைக்கும் பலன். இதைச் சரியாகப் புரிந்துகொண்ட தெரு மாஸ்டர்கள் குறைவு. இவர் புரிந்துகொண்டது தன் முதல் தலைமுறை மாணவர்களில் ஒருவர் வாய்ப்பை இழந்த பிறகு. பள்ளிப் பதிவேட்டில் தந்தையின் பெயர் முதலெழுத்து ஒன்றாகவும், போட்டிச் சான்றில் வேறாகவும் இருந்ததால் அந்த விண்ணப்பம் நின்றுபோனது.

அன்றிலிருந்து புதிதாகச் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பதிவேட்டின் பின்பக்கத்தில் ஒரு பக்கம் ஒதுக்கப்படுகிறது. பிறப்புச் சான்று, பள்ளி அடையாள அட்டை, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றில் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது, இனிஷியல் முன்னே வருகிறதா பின்னே வருகிறதா, பிறந்த தேதி ஒத்துப்போகிறதா என்று மாஸ்டர் தன் கைப்பட எழுதிவைக்கிறார். ஒத்துப்போகாவிட்டால் பெற்றோரை அழைத்துக்கொண்டு இ-சேவை மையத்துக்கு நடக்கிறார். 14 வயதுக்குட்பட்டோர், 18 வயதுக்குட்பட்டோர் என்று பிரிவு பிரித்து நடக்கும் போட்டியில் பிறந்த தேதிதான் எல்லாம். ஆனால் வீட்டில் பிரசவமான பிள்ளைகளும், பள்ளியில் சேர்க்கும்போது தோராயமாகத் தேதி சொல்லப்பட்ட பிள்ளைகளும் அந்தக் காலத்தில் ஏராளம். இந்த அலைச்சலில் விளையாட்டே கிடையாது. ஆட்டத்தை விட்டுப் போய்விட்ட பிள்ளைகளுக்கும் இதனால் பயன் கிடைத்தது. கல்லூரிச் சேர்க்கைக்கும், உதவித்தொகைக்கும், வங்கிக் கணக்குக்கும் அந்தத் திருத்தப்பட்ட காகிதங்களே போதுமானவையாக இருந்தன. என் மதிப்பீட்டில் மாஸ்டர் அந்தக் குடியிருப்புக்குச் செய்த மிகப் பெரிய பணி இதுதான். அவர் சொல்லிக்கொடுத்த கட் ஷாட்டும் ரீபவுண்டும் அதற்கு அடுத்தபடி.

வெளியூர்ப் போட்டிச் செலவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். காலர் வைத்த டி-ஷர்ட்டும் ஷூவும் இல்லாதவர்களுக்கென்று ஒரு பெட்டி நிறைய அவை இருக்கின்றன. அளவு சரியாக இருக்குமா என்பது அவரவர் அதிர்ஷ்டம். விளையாட்டு வீரர்களுக்கு ரயிலில் இருந்த கட்டணச் சலுகை, 2020 மார்ச்சில் பெருந்தொற்றை முன்னிட்டு நிறுத்தப்பட்ட பல சலுகைகளுடன் சேர்ந்து நின்றுபோனது. அதன் பிறகு நான்கு பேர் போக வேண்டிய இடத்துக்கு இருவரை அனுப்பும் நிலை ஏற்பட்டது.

மூன்றாவது பயன் பேரிடரின்போது தெரிந்தது. 2020 கோடையில் சென்னையில் தொற்று மிகுதியாகப் பரவிய இடங்களில் ராயபுரம் மண்டலம் முன்னணியில் இருந்தது. அறை பூட்டப்பட்டது, நோட்டு திறக்கப்பட்டது. யார் வீட்டில் எத்தனை பேர், தகப்பன் துறைமுகத்தில் சுமை தூக்குபவரா, தாய் வீட்டு வேலைக்குப் போகிறவரா, யாருக்குக் கூலி நின்றுபோயிருக்கும் என்பதெல்லாம் அந்தப் பக்கங்களிலிருந்து எளிதாக ஊகிக்க முடிந்தது. பழைய மாணவர்கள் ஒவ்வொருவரும் தமக்குப் பழகிய ஐந்தாறு வீடுகளைப் பொறுப்பேற்று அரிசியும் பருப்பும் கொண்டுபோனார்கள். ஆன்லைன் வகுப்பு தொடங்கியபின் செல்போன் ரீசார்ஜும் அதில் சேர்ந்தது. பட்டியல் தயாரிக்க எவருக்கும் வரிசை நிற்கவோ விண்ணப்பம் எழுதவோ வேண்டியிருக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வடசென்னையின் பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றபோது, போர்டுகளைப் பரணில் ஏற்றிவிட்டு அதே ஆட்கள் அதே பட்டியலோடு பாலும் மெழுகுவத்தியும் கொண்டு முதல் மாடிக் குடும்பங்களைத் தேடிப் போனார்கள்.

பெண் பிள்ளைகள்

இந்தப் பகுதியில் மாஸ்டரின் வரலாறு பாராட்டுக்குரியதாக இல்லை. முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த அறை பையன்களின் அறையாகவே இருந்தது. வியாசர்பாடியிலிருந்து, மீன்பாடி வண்டியும் ரிக்‌ஷாவும் ஓட்டிப் பிழைத்த குடும்பங்கள் வாழும் அதே மாதிரியான தெருவிலிருந்து, இளவழகி உலகப் பட்டம் வென்ற 2008-லேயே கதவு அகலத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. இருட்டிய பிறகு பெண் பிள்ளை மாடிப்படி அறையில் உட்கார்ந்திருந்தால் தெரு என்ன பேசும் என்பதுதான் அவர் சொல்லும் காரணம். தெரு பேசும் என்பது உண்மை. மாலை நேரத்தை மாற்றியமைத்திருக்கலாம் என்பதும் அதே அளவுக்கு உண்மை.

மாற்றம் அவரிடமிருந்து வரவில்லை, தாய்மார்களிடமிருந்து வந்தது. காசிமாவின் வெற்றிச் செய்தி வந்த வாரத்தில் சிலர் தங்கள் மகள்களை நேராக அறைக்கே அழைத்துவந்து நிறுத்தினார்கள். இப்போது நாலரை முதல் ஆறு மணி வரை பெண் பிள்ளைகளின் நேரம். அந்த நேரத்தில் தாய்மார்களில் ஒருவர் முறைவைத்து அறையில் இருப்பார். வெளியூர்ப் போட்டிக்குத் தாயோ அக்காவோ உடன் வராமல் எவரையும் அழைத்துச் செல்வதில்லை. விரலைப் பிடித்து ஸ்ட்ரைக்கர் பிடிக்கக் கற்றுத்தருவதில்லை, எதிரே உட்கார்ந்து செய்து காட்டுவது மட்டும்தான். இந்த மூன்று ஏற்பாட்டையும் தாய்மார்களே வகுத்தார்கள். குழந்தைகளோடு பணியாற்றும் எந்தத் தன்னார்வ அமைப்பும் எழுத்தில் வைத்திருக்க வேண்டிய விதிகள் இவை. பையன்களுக்கும் இவை பொருந்த வேண்டும். அந்த நீட்சி இன்னும் நடக்கவில்லை.

மிஞ்சுவது எது

மன்றம் பதிவு செய்யப்படாதது. வங்கிக் கணக்கு கிடையாது. நன்கொடையும் செலவும் மாஸ்டரின் சட்டைப்பையில் தொடங்கி அங்கேயே முடிகின்றன. ஒரு ரூபாய்கூடத் தவறாகப் போனதாக எவரும் சொல்லவில்லை. ஆனால் சொல்ல வேண்டி வந்தால் அவரைக் காப்பாற்றவும் ஒரு ரசீது இல்லை. நிறுவனங்கள் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து போர்டு வாங்கித் தர முன்வந்தபோது, பதிவு எண் இல்லாததால் அந்தப் பேச்சு நின்றது. பதவி வந்தால் சண்டை வரும், சண்டை வந்தால் அறை மூடும் என்பது அவர் கண்ட அனுபவம். மன்றங்கள் பல தேர்தல் நேரத்தில் கட்சிக் கொடிகளாக உடைந்ததை அவர் நேரில் பார்த்தவர். அந்த அச்சத்தைத் தள்ளிவிட முடியாது.

ஆனால் அதைவிட அவசரமான ஓர் அச்சம் இப்போது வாசலில் நிற்கிறது. 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021-இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாறிய அமைப்பு, சிதிலமடைந்த பழைய அடுக்குகளை இடித்துப் புதிதாகக் கட்டிவருகிறது. 2024-இல் அடிக்கல் நாட்டப்பட்ட வடசென்னை வளர்ச்சித் திட்டத்தின் கீழும் இந்தப் பகுதிகளில் பல கட்டுமானங்கள் நடக்கின்றன. குடியிருப்பவர்களுக்குப் புதிய கட்டடத்தில் வீடு ஒதுக்கப்படும். எந்தக் காகிதத்திலும் இல்லாத படிக்கட்டு அறைக்கு யார் ஒதுக்குவார்கள்? மற்றவர் பிள்ளைகளின் காகிதங்களை இத்தனை ஆண்டுகளாகச் சரிசெய்தவர், தன் மன்றத்துக்கு ஒரு தாள்கூட இல்லாமல் விட்டுவிட்டார்.

பழைய மாணவர்கள் இப்போது அதைச் சரிசெய்ய முயல்கிறார்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் ஏழு பேர் கையெழுத்திட்டு மன்றத்தைப் பதிவு செய்வதும், புதிய கட்டடத்தின் வரைபடம் முடிவாகும் முன்பே தரைத்தளத்தில் ஒரு பொது அறை கேட்டு வாரியத்துக்கு மனு கொடுப்பதும் அவர்களது திட்டம். ஏழு பேரில் இரண்டு தாய்மார்களும் இருக்க வேண்டும் என்பதில் எவருக்கும் மறுப்பில்லை. மறுப்பு எழுந்திருப்பது ஒரே ஒரு பிரிவில்தான். வசதியுள்ள வீடுகளிடம் மாதம் ஒரு சிறு தொகை வாங்கலாம் என்கிறார்கள் இளையவர்கள். பவுடரும் மின்கட்டணமும் இலவசமாக வருவதில்லை என்பது அவர்கள் பக்கத்து நியாயம். ஒரு பைசாவும் கூடாது என்கிறார் மாஸ்டர். 2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி தன் ஒன்பது செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஆடுபவர் ஒருவருக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிக்கத் தீர்மானித்து, எதிர்ப்பு எழுந்ததும் அதைத் திரும்பப் பெற்றதை அவர் எடுத்துக்காட்டுகிறார். தொகை சிறியதா பெரியதா என்பது முக்கியமில்லை, கொடுக்க முடிந்தவன், முடியாதவன் என்று பதிவேட்டில் இரண்டு பத்தி வந்துவிடும் என்பது அவர் வாதம்.

இதில் நான் மாஸ்டர் பக்கம். செலவுக்கு வேலையில் உள்ள முன்னாள் மாணவர்களிடம் ஆண்டுச் சந்தா வாங்கினால் போதும். அவர்கள் எண்ணிக்கைக்கு அது பாரமாகாது, பிள்ளைகளிடம் கை நீட்டவும் வேண்டியிருக்காது. ஆனால் இந்த விவாதம் முடியட்டும் என்று பதிவைத் தள்ளிப்போடுவது தவறு. கட்டணப் பிரிவைப் பொதுக்குழுவின் முடிவுக்கு விட்டுவிட்டு மற்ற துணைவிதிகளோடு இந்த நிதியாண்டுக்குள் பதிவு செய்துவிட வேண்டும். அதோடு, பரணில் இருக்கும் நோட்டுகளில் பிள்ளைகளின் ஆவண விவரங்கள் இருப்பதால் அவற்றை யார் பார்க்கலாம், எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்பதை முடிவு செய்து, அந்தப் பொறுப்பை மாஸ்டரிடமிருந்து பெயர் குறிப்பிட்ட இருவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். அம்பயராக இருக்கும் அந்த மாணவரும், மாலை நேரத்தைக் கவனிக்கும் தாய்மார்களில் ஒருவரும் இதற்குச் சம்மதித்திருக்கிறார்கள். இ-சேவை மையத்துக்கு இப்போது அவர்களும் மாஸ்டரோடு போய்வருகிறார்கள்.